வண்டியைத் தூக்கி வைக்க ஒரு மேஜை

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்பவன் பாதி ஆயுளைக் குந்திக்கொண்டும், மீதி ஆயுளைக் குந்தின இடத்திலிருந்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டும் கழிக்கிறவன். வண்டியில் கெட்டுப்போகிற சாமான் எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். மேலே இருக்கிற கண்ணாடியும் ஹாரனும் கெட்டால் யாரும் ரிப்பேருக்குக் கொண்டுவருவதில்லை; கைதட்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்களிலும் ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கோணியை விரித்து, வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இருப்பீர்கள். வண்டியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துக்கொண்டால் தேவலையே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. தோன்றினதோடு விட்டவர்கள் புண்ணியவான்கள்.

நான் தொழில் செய்தது பெரிய காஞ்சிபுரத்தில், நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில், வாடகை வீட்டில். கடை என்று தனியாகக் கிடையாது. வீட்டு வாசல்தான் கடை. புது வண்டிக்குப் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் கையில் இருக்கிற வண்டியை யாரும் சாகவிட மாட்டார்கள். எனக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. ஒரு ஐப்பசி மழையில், வண்டிக்கு அடியில் ஆயில் நட்டைத் திருகிக்கொண்டிருந்தவன், குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டேன். நாலு பேர் என்னை அப்படியே, மடக்கு நாற்காலியைத் தூக்குகிற மாதிரி, எலும்பு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் எண்ணெய் தடவி நிமிர்த்தினார். இனிமேல் குனிந்து வேலை செய்தால் நிமிர்த்துவதற்குத் தன்னிடம் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் முசரவாக்கத்திலிருந்து என் மச்சான் தேவராஜு வந்தான். என் பெண்டாட்டி சரசுவின் தம்பி. அங்கே அரிசி மில் வைத்திருந்தான். பொங்கல் கழிந்தால் புது நெல் வரும், வந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் நெல்லைப் பார்த்தால் எனக்கு நெல்லாகத்தான் தெரியும். இஞ்சின் சத்தத்தைக் கேட்டால் அதன் வீட்டுக் கதையே தெரியும். பொங்கல் வரைக்கும் தவணை கேட்டேன். அதற்குள் குனியாமல் வேலை செய்ய வழி கிடைத்தால் தொழில், கிடைக்காவிட்டால் மில். தேவராஜு சம்மதித்தான். போகும்போது வாசல்படியில் நின்று சொன்னான்: "மாமா, நாற்காலி வாங்கி வெச்சிட்டேன். மெத்தை தெச்ச நாற்காலி."

செங்கல்

முதலில் செங்கல்லில் ஆரம்பித்தேன். எல்லாரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். கிராமங்களில் சுற்றிப் பால் எடுத்து வருகிற முனுசாமி, செயின் தளர்ந்துவிட்டது என்று வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் செங்கல்லை அடுக்கி, கோயில் படிக்கட்டு மாதிரி கட்டி, முனுசாமியும் தெருக்காரர்களும் பிடிக்க, வண்டியை மேலே ஏற்றினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நட்டு இறுகிப் போயிருந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு இழு இழுத்தேன். நட்டு அசையவில்லை, செங்கல் அசைந்தது. நான் ஒரு பக்கம் உருண்டேன், வண்டி மறுபக்கம் சுவரில் சாய்ந்தது. முனுசாமி ஓடிப்போய் முதலில் வண்டியைத் தடவிப் பார்த்தார். அதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "வண்டி வுழுந்தா நீ எடுத்து நிறுத்திடுவே. நீ வுழுந்தா எந்த மெக்கானிக்கப்பா நான் தேடறது?"

கவிழ்த்துப் போடு

பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஏகாம்பரம் எனக்குத் தொழில்முறையில் பங்காளி மாதிரி. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டில் நிற்கவைத்துவிட்டு, பீடி குடித்துக்கொண்டே சொகுசாக வேலை செய்கிறவன். இதுக்கு ஏன் இத்தினி யோசனை, கவுத்துடு என்றான். தலைகீழாக முடியாது, ஒரு பக்கமாகப் படுக்கவைத்துப் பார்ப்போம் என்று ஒரு பழைய கட்டிலின்மேல் வண்டியைச் சாய்த்தோம். மூடி வழியாகப் பெட்ரோல் வந்தது. இன்னொரு வழியாக ஆயில் வந்தது. பேட்டரியிலிருந்து தண்ணீர் வந்து கட்டில் கயிற்றை அரிக்க ஆரம்பித்தது. ஏகாம்பரம் பீடியை அவசரமாகச் சாக்கடையில் போட்டுவிட்டு, தெருவின் நடுவுக்குப் போய் நின்றுகொண்டு சொன்னான்: "எங்க சைக்கிள்ல இந்த ரசம் சாம்பாரெல்லாம் கெடையாதுப்பா."

உத்திரம்

அடுத்து என் கண்ணில் பட்டது கூடத்து உத்திரம். இந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் வரதப்பர் பட்டு நெய்கிறவர். பெண்டாட்டியிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மகன் கட்டின புது வீட்டுக்குத் தறியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, இதை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தறி போனாலும் தறிக்குழி கூடத்தின் நடுவிலேயே இருந்தது. நெய்கிறவர் தரை விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதிக்கிற குழி. தொடையளவு ஆழம். அதை மண் போட்டு மூடக்கூடாது, தறி என்றைக்காவது திரும்பி வரும் என்பது அவருடைய கண்டிஷன். சரசு அதன்மேல் ஒரு பழைய பலகையைப் போட்டு, உள்ளே வெங்காயமும் தேங்காயும் வைத்திருந்தாள்.

உத்திரத்தில் கிணற்று ராட்டினத்தை மாட்டி, கயிற்றைப் போட்டு, தெருவில் போன இரண்டு ஆட்களை இழுக்கச் சொன்னேன். ஸ்கூட்டர் ஒன்று அழகாக மேலே வந்தது. வந்ததும் சுற்ற ஆரம்பித்தது. நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் நட்டு திரும்பவில்லை, ஸ்கூட்டர் திரும்பியது. விடக்கூடாது என்று நானும் ஸ்பேனரோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேலேயிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வரதப்பர் உள்ளே வந்தார். தலையை நிமிர்த்தி உத்திரத்தைப் பார்த்தார், பிறகு ஸ்கூட்டரை, பிறகு என்னை. "ஏமய்யா, பட்டு தொங்கின உத்தரம் இது. இதுல எருமைய தொங்க வுட்டுட்டு, நீ அதுக்குப் பிரதட்சிணம் வேற பண்றியா?"

மஸ்தான் பாயின் அளவு

இதற்குப் பிறகுதான் மேஜை என்ற முடிவுக்கு வந்தேன். மதராசில் ஒரு பெரிய பட்டறையில் இரும்பு மேஜை இருக்கிறதாம், காலால் மிதித்தால் வண்டியோடு மேலே வருமாம் என்று ஒரு வாடிக்கைக்காரர் கையால் அபிநயம் பிடித்துக் காட்டியிருந்தார். எப்படி வருகிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. வருகிறது, அவ்வளவுதான். நான் அந்த அபிநயத்தை அப்படியே கொண்டுபோய் மஸ்தான் பாயிடம் பிடித்துக் காட்டினேன். பாய் மாட்டு வண்டிக்குச் சட்டம் போடுகிற தச்சர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊரில் மரம் அறுக்கிற குடும்பம். மிதித்தால் மேலே வருவதெல்லாம் தன்னிடம் கிடையாது, போட்டால் போட்ட இடத்தில் நிற்கிற மேஜைதான் தன்னிடம் உண்டு என்றார்.

மரத்துக்கு மட்டும் ஒரு முழுக் காலை பேசினோம். வேங்கை என்றால் ஆயுசுக்கும் அசையாது, ஆனால் மேஜையைத் தூக்கவே இன்னொரு மேஜை வேண்டும். மாமரம் லேசு, ஆயில் பட்டால் ஊறிப்போகும். கடைசியில் வேம்பு என்று முடிவானது. நான் வண்டியின் நீள அகலத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பாய் கயிற்றை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, என்னைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கை வந்த இடத்தில் சுவரில் கரிக்கோடு போட்டார். வேலை செய்கிற இடம் இந்தக் கோட்டுக்கு வரவேண்டும், அதற்குத் தக்கபடி கால் வெட்டுகிறேன் என்றார். வண்டிக்குத்தானே பாய் மேஜை, என்னை ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். கரியைக் காதில் செருகிக்கொண்டே சொன்னார்: "வண்டி என்னைக்காச்சும் இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிச்சா? அப்புறம் அளவு அதுக்கு எதுக்கு?"

பாவு

மேஜை வந்தது. நாலு காலும் யானைக்கால். ஏற்றுவதற்கு ஒரு சாய்வுப் பலகையும் செய்து கொடுத்திருந்தார் பாய். வாசலில் போட்டேன். தெருவின் அந்தக் கோடியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தால், ஓடிவந்த வேகத்தில் பலகையில் ஏறி மேஜையில் போய் நிற்கும். பிடிக்க ரெண்டு பேர் இருந்தால் போதும். தொழில் தப்பித்தது என்றே நினைத்தேன். ஒரு வாரமோ என்னவோ நிமிர்ந்து நின்று வேலை செய்தேன்.

எங்கள் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். புடவையின் நீளவாட்டில் ஓடவேண்டிய பட்டு நூல் அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுச் சிக்கெடுப்பார்கள். ஆள் நின்றுகொண்டு வேலை செய்ய வாகாக அது இடுப்பு உயரத்தில் நிற்கும். அதுவரை நான் எத்தனையோ வண்டிகளைத் தரையில் வைத்து உதைத்துக் கிளப்பியிருக்கிறேன். புகை கீழேயே போய்ச் சாக்கடையில் கலந்துவிடும். அன்றைக்கு மேஜையின்மேல் இருந்த வண்டியை உதைத்தேன். சைலன்சர் இப்போது இடுப்பு உயரத்தில் இருக்கிறது என்பது, கரும்புகை நேராக எதிர் வீட்டுப் பாவைப் பார்த்துக் கிளம்பின பிறகுதான் உறைத்தது. யாருடைய கல்யாணத்துக்கோ போகவேண்டிய மாம்பழ மஞ்சள். எதிர் வீட்டுக் குப்பம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, புகைக்கும் பட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். பாவு தப்பித்தது. முந்தானை தப்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்: "இத்தினி நாளு தரைக்குப் புகை வுட்டுக்கினு இருந்தே. பட்டுக்கு வுடணும்னுதான் பாய்கிட்ட சொல்லி மேஜை செஞ்சியா?"

மேலேயும் கீழேயும்

அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் கூடி மேஜையை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். கோபத்தில் செய்தாலும் பதமாகத்தான் செய்தார்கள், ஒரு கால்கூட நிலைப்படியில் இடிக்கவில்லை. கூடத்தில் ஒரு பக்கம் மேஜை, நடுவில் பலகை போட்ட தறிக்குழி, மிச்ச இடத்தில் குடித்தனம். ஓடிவந்து ஏற்ற இடம் இல்லை. வண்டியைத் தூக்கித்தான் வைக்கவேண்டும். தூக்க ஆள் கிடைக்காத நாளில் வேலை இல்லை. ஆள் கிடைத்த நாளில் வந்த ஆளுக்கெல்லாம் சரசு காப்பி போடவேண்டும்.

ராத்திரி படுப்பதற்கு மேஜைக்கு அடியில் பாய் விரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே டுப்டுப் என்று ஓடுகிற பெரிய வண்டி ஒன்று பிரித்துப் போட்டபடி நின்றுகொண்டிருக்கும். சரசு எதற்கும் சத்தம் போடுகிறவள் அல்ல. ஒரு நாள் நெற்றியில் விழுந்த ஆயில் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, எந்தம்பி மில்லுல மூட்டை கீழ இருக்குது, மனுசன் மேல குந்திக்கினு இருக்கறான்."

ஏளப் பண்ணினது

மார்கழி முடிகிற சமயம் பட்டுக்கடைக் குமரேசன் வந்தார். கல்யாணமாகி அந்த வருஷம்தான் தலைப் பொங்கல். பெண்டாட்டி முன்னாலேயே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கடையில் பொங்கல் வியாபாரம் என்று முதலாளி இவரை விடவில்லை. மாட்டுப் பொங்கல் விருந்துக்காவது மாமனார் வீட்டில் வண்டியோடு போய் இறங்கவேண்டும், வண்டியில்லாமல் பஸ்ஸில் போனால் மரியாதை இருக்காது என்றார். வண்டியோ இஞ்சினை இறக்கி ஏற்றவேண்டிய நிலையில் இருந்தது.

தெருக்காரர்கள் என்மேல் இன்னும் கோபமாக இருந்ததால் சின்ன காஞ்சிபுரம் போய், டீக்கடைப் பழக்கத்தில், சாமியை ஏளப் பண்ணுகிற, அதாவது தோளில் தூக்கி எழுந்தருளச் செய்கிற, எத்திராஜுவையும் அவர் கூட்டாளிகளையும் கூப்பிட்டேன். நாலு பேர் வந்தார்கள். சாமி பல்லக்குத் தண்டைக் கொண்டுவர மாட்டோம் என்று மூங்கில் கொண்டுவந்தார்கள். வண்டியை மூங்கிலில் கட்டினதும் நேராக மேஜைக்குத் தூக்குவார்கள் என்று பார்த்தால், முதலில் தோளுக்குத்தான் தூக்கினார்கள். தோளுக்கு வராத எதையும் அவர்களுக்கு இறக்கத் தெரியாது. உத்திரத்தில் ஹெட்லைட் உரசியது. கூடத்தில் இரண்டு எட்டு வைக்கத்தான் இடம். அந்த இரண்டு எட்டையும் பல்லக்கு அசைகிற மாதிரி அசைந்து, கால் மாற்றி வைத்தார்கள். மேஜையில் வைத்த பிறகு நாலு பேரும் முதுகைக் காட்டாமல், வண்டியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வாசலுக்குப் போனார்கள். வேட்டியில் பட்ட ஆயிலைப் பார்த்துக்கொண்டே எத்திராஜு சொன்னார்: "ஏளப் பண்ணியாச்சு மெக்கானிக்கு. தீபாராதனை காட்டணும்னா காட்டிக்க."

இறங்கினது

பொங்கலன்று சாயங்காலம் வேலை முடிந்தது. மாட்டுப் பொங்கல் காலையில் குமரேசன் பட்டு வேட்டி, கையில் பழத்தட்டு, காதோரம் சந்தனம் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றார். வண்டி மேஜைமேல் இருந்தது. இறக்குவதற்கு எத்திராஜு கூட்டத்தைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். போனவன் திரும்பி வந்து, மாட்டுப் பொங்கலுக்குச் சாமி திருமுக்கூடலுக்குப் பார்வேட்டை உற்சவத்துக்குப் போயிருக்கிறது, தூக்குகிறவர்கள் எல்லாம் சாமிக்கு அடியில் இருக்கிறார்கள் என்றான். வருஷா வருஷம் நடக்கிறதுதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. தெருவிலும் ஆள் இல்லை, பாதிப் பேர் சாமி பின்னால் போய்விட்டார்கள்.

வேறு வழியில்லாமல் சாய்வுப் பலகையைப் போட்டோம். கூடத்தில் இடம் போதாததால் பலகை ஏணி மாதிரி நின்றது. குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாண்டிலைப் பிடித்தார். நான் பக்கவாட்டில் கேரியரைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். இடுப்பில் இப்போது பிடிக்கிறதா, அப்புறம் பிடிக்கிறதா என்ற ஒரே யோசனையில் கால் வைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. வண்டி பத்திரமாகத் தரைக்கு வந்து சேர்ந்தது. நான் வைத்த கால் தறிக்குழிப் பலகையின்மேல். பழைய பலகை படக்கென்று முறிந்தது. நான் நேராக வெங்காயத்தின்மேல் இறங்கினேன். குமரேசன் பதறவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணே, வண்டியும் எறங்கிடிச்சி, நீங்களும் எறங்கிட்டீங்க. யாரும் பாக்கி இல்ல."

வெங்காயத்தில் நின்றது

மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அசைந்தால் இடுப்பு என்ன சொல்லுமோ என்று பயம். எதிரே, குழி விளிம்பை ஒட்டி, குமரேசனின் வண்டி நின்றுகொண்டிருந்தது. இறக்கும்போது இடித்ததில் செயின் கவர் நெளிந்து உராய்வது தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் குனியவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, கண்ணுக்கு நேரே தெரிந்தது. கையை நீட்டினேன். முழங்கை மடங்கின இடத்தில், மஸ்தான் பாய் சுவரில் கரிக்கோடு போட்ட அதே உயரத்தில், இஞ்சின் இருந்தது.

ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். கவரைக் கழற்றி, தட்டி, மாட்டி, செயினையும் ஒரு திருகு இறுக்கினேன். குமரேசன் வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய், பழத்தட்டைக் கட்டிக்கொண்டு பறந்துவிட்டார். நான் குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். சரசு சமையல்கட்டு வாசலில் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. வெங்காயம் நசுங்கின வாசனைக்குத்தான் வந்திருப்பாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நட்டைத் திருப்பும்போது ஒரு வாட்டிகூட நீங்க யம்மான்னு சொல்லலியே."

செருப்பு

ஆனால் குழி என்னுடையது அல்ல. வரதப்பர் பட்டுக்குத் தோண்டினது. அதில் ஆயில் சொட்டும், கரி படியும். முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், மெத்தை நாற்காலிதான். மறுநாள் காணும் பொங்கலுக்கு அவர் எங்கள் பக்கம் வருவார் என்று தெரியும். வருவதற்கு முன் குழியைச் சுத்தம் செய்து, ஆயில் சொட்டாமல் மணல் தட்டு வைத்து, பக்குவமாகப் பேசிக் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் முனுசாமி, பண்டிகை நாளென்று பசுவா பால் கறக்காமல் இருக்கிறது என்று சொல்லி, மறுபடியும் செயின் தளர்ந்த வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். வரதப்பர் வரும்போது நான் தொடைவரை குழிக்குள் நின்றபடி, கையெல்லாம் கிரீசாக இருந்தேன்.

வாசலிலேயே நின்றுவிட்டார். மணல் தட்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். குழி விளிம்பில், காலங்காலமாக அவரும் அவருடைய அப்பாவும் உட்கார்ந்து வழவழப்பாகியிருந்த இடத்தில், நான் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தார். முனுசாமி மெல்ல வெளியே நழுவினார். சரசு மோர் கொண்டுவந்து வைத்தாள், அதை அவர் தொடவில்லை. தறி திரும்பி வந்தால் அன்றைக்கே ஏறிவிடுகிறேன் என்று நானாக உளறினேன். அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, குழிக்குள் என் காலைப் பார்த்தார். பிறகு மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏமய்யா, குழில எறங்கறதுக்கு முன்ன செருப்பக் கழட்டணும்னு உனக்கு யாரும் சொல்லலியா? கழட்டி அப்பால போடு, போட்டுட்டு வேலையப் பாரு."

மில்லுக்குப் போனது

தேவராஜு சொன்ன வார்த்தை தவற மாட்டான். பொங்கல் கழிந்ததும், கொம்புக்கு அடித்த வர்ணம்கூட மங்காத மாடுகளைப் பூட்டி, வண்டியைக் கொண்டுவந்துவிட்டான். எங்கள் சாமானை ஏற்ற வைக்கோல்கூடப் பரப்பிக் கொண்டுவந்திருந்தான். உள்ளே வந்தவன் என்னைத் தேடினான். நான் இருந்த உயரத்தில் அவன் தேடவில்லை. சரசு கையைக் காட்டின பிறகுதான் கீழே பார்த்தான். வெறுங்காலோடு குழிக்குள் நின்று, ஒரு ஸ்கூட்டருக்குப் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பைத் தொட்டுக் காட்டி, நிமிர்ந்து நின்று காட்டினேன். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் கூடத்தைச் சுற்றிவந்து, சும்மா நின்றுகொண்டிருந்த மேஜையைக் கையால் அழுத்தினான். ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அடியில் குனிந்து மஸ்தான் பாய் போட்ட இணைப்பையெல்லாம் தடவிப் பார்த்தான். மூட்டை அடுக்கக் கால் கெட்டியாக ஒன்று தேடிக்கொண்டிருந்தானாம்.

தெருக்காரர்கள், கோபம் தீர்ந்து, மேஜையைத் தூக்கி மாட்டு வண்டியில் வைத்தார்கள். குப்பம்மாகூட ஒரு கை கொடுத்தாள். மேஜை தெருவைவிட்டுப் போகிறது என்ற சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும். சரசு வெங்காயம் வைக்கத் தம்பியிடம் ஒரு கூடை கேட்டாள். தேவராஜு மாட்டை ஓட்டிக்கொண்டே திரும்பி, வாசலில் வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்துக் கத்தினான்: "மில்லுக்கு வர வேணாம்னா வாயத் தொறந்து சொல்றது தானே மாமா, அதுக்கா போயி பூமிக்குள்ள ஒளிஞ்சிக்கினே?"

ஆக, வண்டியை உயரத்தில் தூக்கி வைக்க வழி தேடுகிற உங்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான்: நல்ல மேஜையாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள், உங்களுக்கு உதவாவிட்டாலும் மச்சான் மில்லுக்கு உங்களுக்குப் பதிலாக வேலைக்குப் போக அது உதவும்.